மயில் வைத்த கேட்

அந்த வருஷங்களில் பாலசமுத்திரம் பக்கத்து ஊர்களில் மழைக்குக் காளான் முளைக்கிற மாதிரி குவைத் பணத்துக்குக் கேட் முளைத்தது. வீடு சுவர் பூசாமல் கிடக்கும். கக்கூஸ் இருக்காது. ஆனால் தெருவைப் பார்த்து இரட்டைக் கதவு கேட் ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதில் மயில் இருக்கும், இல்லையென்றால் தாமரை இருக்கும். இரண்டையும் ஒரே கேட்டில் திணித்துவிட்டுப் பெருமைப்பட்டவர்களும் உண்டு. கேட்டைத் திறந்து உள்ளே போனால் நாலு கோழி மேய்ந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

வெங்கடசாமி வீட்டுக்குக் கேட் கிடையாது. கேட் வைக்க முதலில் மதில் வேண்டுமே! அவன் வீட்டைச் சுற்றி இருந்தது முள்வேலி. அவன் அப்பன் காலம்வரை அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு ஏர் பிடித்த குடும்பம். சர்க்கார் கொடுத்த பட்டா நிலத்தில் தனக்கென்று வேர்க்கடலை விதைத்த முதல் ஆள் இவன்தான். அந்த நிலம் போட்டது அரை வயிற்றுக்குக் காணும், மதிலுக்குக் காணாது.

ஆனால் கேட் செய்கிற மிஷின் மட்டும் அவன் வீட்டில் இருந்தது. மனைவி ரத்னம்மாவின் தம்பி ரமணா குவைத்திலிருந்து லீவில் வந்தபோது இரும்பு தேய்க்கிற கை கிரைண்டர் ஒன்று கொண்டுவந்தான். தன் வீட்டுக் கேட்டைத் தன் கையாலேயே செய்யப்போவதாகச் சவடால் பேசினான். லீவு முழுவதும் விருந்து சாப்பிட்டே தீர்ந்துபோனது. மிஷினை அக்கா வீட்டுப் பரணில் போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

வெங்கடசாமிக்கு ஒரே பெண், தேன்மொழி. நடக்கப் பழகிய வயசில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இடது காலின் பலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. தொடையிலிருந்து செருப்புவரை இரு பக்கமும் எஃகுப் பட்டை வைத்து, தோல் வாரால் இறுக்கிக் கட்டினால்தான் அவளால் நிற்க முடியும். ஆஸ்பத்திரியில் அதைக் கேலிப்பர் என்பார்கள். வீட்டில் அதற்குப் பெயர் ‘கம்பி’. முழங்கால் மடங்குகிற இடத்தில் ஒவ்வொரு பட்டையிலும் ஒரு கீல், அதன் மேல் ஒரு வளையம். எழுந்து நின்றால் வளையம் கீழே இறங்கிக் கீலை மூடிக்கொள்ளும், முழங்கால் மடங்காது. உட்கார வேண்டுமென்றால் குனிந்து இரண்டு வளையங்களையும் மேலே இழுத்துவிட வேண்டும்.

தேன்மொழி இன்டர், அதாவது பன்னிரண்டாவது வரை படித்தவள். யாரையும் கேட்காமல் தானே எழுதிப் போட்டு, கால் முடியாதவர்களுக்கு ஒதுக்கியதில் ஒரு எஸ்.டி.டி. பூத் வாங்கிவிட்டாள். திருச்சானூரில் கோவர்த்தனன் என்பவருடைய லாட்ஜ் வாசலில் இடம். பின்னால் தங்கிக்கொள்ள ஓர் அறை. அம்மன் கோயிலுக்கு வருகிற ஜனம் ஊருக்குப் போன் போடாமல் போகாது என்று கோவர்த்தனன் அடித்துச் சொன்னார். பூத் கிடைத்த அன்று தேன்மொழி ரத்னம்மாவிடம், “இனிமே என்ன யாரும் எங்கியும் தூக்கி உக்கார வெக்க வேணாம்மா” என்றாள். ரத்னம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை திறப்பு என்று நாள் பார்த்தாயிற்று. ஒரே ஒரு குறை, கம்பி. மழையிலும் வியர்வையிலும் வளையம் இறுகிப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தால்தான் மேலே வந்தது. பட்டையின் ஓரத்தில் பிசிறு கிளம்பிக் கெண்டைச் சதையை அறுத்துக்கொண்டும் இருந்தது.

“பிசிறக்கூட பொறுத்துக்குவேன் நைனா. பூத்துல நாளெல்லாம் எழுந்து எழுந்து உக்காரணும். ஒவ்வொரு வாட்டியும் ஜனம் பாக்கக் குனிஞ்சு இத்த இழுத்துக்கினு இருந்தா அசிங்கமா இருக்கும். வளையம் மட்டும் கொஞ்சம் லேசா நகந்தா போதும்” என்றாள் அப்பனிடம்.

கேட்டு வாங்கிப் பழகாத பெண். அவள் வாய்விட்டுக் கேட்டது வெங்கடசாமியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. திருப்பதியில் கம்பி செய்துகொடுத்த பட்டறைக்குப் போனால் சரி செய்து தருவார்கள்தான். ஆனால் கம்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு பிறகு வா என்பார்கள். அதுவரை அவள் பாயில் கிடக்க வேண்டும், வெள்ளிக்கிழமை காத்துக்கொண்டிருக்காது.

“பூத்து தொறந்துட்டு அப்பறமா போலாம் நைனா” என்றாள் தேன்மொழி.

“எதுக்கு? அதான் மிஷினு கீதே. நானே தேச்சுக் குடுத்துட்றேன்” என்றான் வெங்கடசாமி.

மண்வெட்டிக்குப் பிடி போடுவான், ஏர்க்கொழுவைத் தட்டி நேராக்குவான். இரும்பு தனக்கு அடங்கும் என்று அவனுக்கொரு நினைப்பு. மிஷினில் மாட்டுகிற சக்கரம்தான் இல்லை. அதை வாங்கச் சித்தூருக்குப் பஸ் ஏறினான்.

ஆதிநாராயணன் கடை சித்தூரில் பேர்போன இரும்புச் சாமான் கடை. அன்றைக்கு அங்கே இடித்துக்கொண்டு நிற்கிற கூட்டம். பாதிப்பேர் கேட் கிராக்கி. வெள்ளைச் சட்டை, கையில் தங்க வாட்ச், குவைத் சென்ட் வாசனை. முள்வேலிக்காரன் வெங்கடசாமி நடுவில் நெருங்கி நின்றான்.

“ரண்டி அண்ணா, வா வா, இன்னா வேல?” என்றார் ஆதிநாராயணன்.

உண்மை அவன் நாக்கு நுனியில்தான் இருந்தது. என் பெண்ணின் காலுக்கு என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அதைச் சொன்னவுடன் எதிரில் இருக்கிற முகங்கள் மாறுவதை அவன் இருபது வருஷமாகப் பார்த்து வந்திருக்கிறான். முதலில் ‘அய்யோ பாவம்’ வரும், அடுத்து ‘போன ஜென்மத்துல இன்னா செஞ்சோமோ’ வரும். பக்கத்தில் நின்ற தங்க வாட்ச்காரன் வேறு திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கேட்டுக்கு” என்றான் வெங்கடசாமி.

“ஓஹோ! எத்தினி அடி?”

“பத்தடி.”

“டபுள் டோரா?”

“டபுள்தான்.”

“டிசைனு?”

“மயிலு.” ஒரு மயில் போதாது என்று பட்டது. “ரெண்டு மயிலு. மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கினு” என்று சேர்த்துக்கொண்டான்.

தங்க வாட்ச்காரன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலில் வெங்கடசாமிக்கு ஓரடி உயரம் கூடியது. ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆள் அல்ல அவன். ஆனால் மரியாதை என்று ஒன்று கிடைக்கும்போது யார்தான் ஆழம் பார்க்கிறார்கள்?

ஆதிநாராயணன் நல்ல மனிதர். வந்தவனை ஏமாற்றி எதையாவது தலையில் கட்டுகிறவர் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்துச் சொன்னார். முதலில் அரைவட்ட அரம். அப்புறம் இரும்பைத் தேய்க்கிற உப்புத்தாளான எமரி பேப்பர், நம்பர் ஏற ஏற நைசு. அப்புறம் வெற்றிலைக் கவுளி மாதிரி எமரித் துண்டுகளை வட்டமாக அடுக்கி ஒட்டின ஒரு சக்கரம்.

“இது ஃப்ளாப் வீலு. மெத்து மெத்துனு தேய்க்கும். ஒடம்புல படற சாமானு, கைப்பிடி, சின்னச் சின்ன ஸ்டீல் வேல, அதுக்கெல்லாம் இதான். அவசரப்படாம தேச்சா கொழந்த கன்னம் மாதிரி ஆய்டும்” என்றார். சொல்லிவிட்டு மூன்றையும் ஒரு பக்கமாக ஒதுக்கினார். “உனுக்கு இதெல்லாம் வேணாம்ணா. பத்தடி கேட்ட இதுல தேச்சா ஒரு வருசம் ஆவும். உனுக்குக் கல்லுதான்.”

அவர் எடுத்துக் கொடுத்தது தடித்த கருங்கல் போல ஒரு சக்கரம். தொட்டால் விரல் சொரசொரத்தது.

“வெல்டிங் வெச்ச எடமெல்லாம் மேடு மேடா நிக்கும். மேடு கண்ட எடத்துல இத்த வையி. வழிச்சுக்கினு பூடும். யோசிக்கவே யோசிக்காத” என்றார்.

வெங்கடசாமியின் கண் ஒதுக்கி வைத்த ஃப்ளாப் வீல்மேலேயே இருந்தது. “அதுல ஒண்ணு…” என்று இழுத்தான்.

“அது எதுக்கண்ணா? மயிலு கொண்டைக்கா?” என்றார் ஆதிநாராயணன்.

கடையே சிரித்தது. வெங்கடசாமியும் சேர்ந்து சிரித்துவிட்டு, கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினான்.

சாயந்திரம் சாப்பிடும்போது இதையெல்லாம் அவனே சொன்னான். ஆதிநாராயணன் மாதிரி பேசிக் காட்டினான், தங்க வாட்ச்காரன் மாதிரி தலையை ஆட்டிக் காட்டினான். தேன்மொழிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

“ரெண்டு மயிலா நைனா?”

“கேட்டே இல்லாத ஊட்டுக்கு மயிலாம் மயிலு. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்யா” என்றாள் ரத்னம்மா.

விக்கல் அடங்கியதும் தேன்மொழி, “கம்பிக்குன்னு ஏன் நைனா சொல்லல?” என்று கேட்டாள்.

“கூட்டமா இருந்துச்சும்மா” என்று சொல்லிவிட்டு வெங்கடசாமி கை கழுவ எழுந்துகொண்டான்.

மறுநாள் காலையில் வேலையை ஆரம்பித்தான். குவைத் மிஷினின் தடித்த பிளக் நம் ஊர் ஓட்டையில் நுழையாது. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வயரின் முனையை உரித்து ஓட்டையில் விட்டு, நழுவாமலிருக்கத் தீக்குச்சியைச் செருகினான். கம்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தேன்மொழி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கம்பி இல்லாத காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டு, மத்தாப்பூ பார்க்கிற குழந்தை மாதிரி தீப்பொறியைப் பார்த்தாள்.

முதலில் பட்டை ஓரத்துப் பிசிறு. கல்லை வைத்த மாத்திரத்தில் பிசிறு போனது, கூடவே பட்டையில் ஒரு பள்ளமும் விழுந்தது. மிஷின் அவன் நினைத்ததைவிட முரட்டுத்தனமாக இருந்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் பிசிறு போன இடத்தைத் தடவிப் பார்த்த கைக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அடுத்து வளையம். வளையத்தின் உள்பக்கம் அவ்வளவு தடித்த கல் நுழையவில்லை. பட்டையைத்தான் தேய்த்தாக வேண்டும். எங்கே பிடிக்கிறது என்று வளையத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தான். கீலுக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு பட்டையிலும், உளுந்து அளவுக்கு ஒரு வெல்டிங் மேடு. வளையம் அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றது.

ஆகா, திருடன் அகப்பட்டுக்கொண்டான் என்று நினைத்தான் வெங்கடசாமி. எவனோ அவசரத்தில் வைத்துவிட்டுப்போன பிசிறு, இத்தனை வருஷமாக என் பெண்ணின் கையை நோக வைத்திருக்கிறது! மேடு கண்ட இடத்தில் கல்லை வை என்று சித்தூர்க் கடைக்காரர் சொன்னது காதிலேயே இருந்தது. வைத்தான். வழித்துக்கொண்டு போய்விட்டது. நகக்கண் அளவுக்கு ஒரு மிச்சம் இருந்தது, அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான். பிறகு பட்டையில் கல்லை மேலும் கீழும் ஒரு இழுப்பு இழுத்து, விளக்கெண்ணெய் தடவிக் கொடுத்தான்.

தேன்மொழி கம்பியைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். வளையம் சறுக்கிக்கொண்டு இறங்கி நின்றது. பம்பு செட் வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

“ஒரு வெரலு போதும் நைனா! இங்க பாரு, ஒரே வெரலு!”

ரத்னம்மா வாசலில் நின்று பார்த்தாள். தன் பெண்ணுக்குத் தன் கையால் ஒரு உபகாரம் செய்த நாள் அது என்று வெங்கடசாமி நினைத்தான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மூவரும் திருப்பதிக்குப் பஸ்ஸில் வந்து, ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போய் இறங்கினார்கள். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, அதற்குள் புது டெலிபோன், வெளியே மேஜையும் நாற்காலியும் மீட்டரும். கோவர்த்தனன் தேங்காய் உடைத்தார். முதல் போன் யாருக்கு என்ற பேச்சு வந்தபோது, “ரமணா மாமாவுக்கு” என்றாள் தேன்மொழி. அவள்தான் நம்பர் போட்டாள். “போ நைனா, உள்ள போய் பேசு, மிஷினு சங்கதிய சொல்லு” என்று அப்பனைக் கூண்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். பிறகு நாற்காலியில் முதலாளி மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

குவைத் லைன் கிடைத்துவிட்டது. வெங்கடசாமி ரிசீவரில் கத்தினான்.

“மச்சான், உன் மிஷினு சும்மா சொல்லக்கூடாதுப்பா! நம்ம தேனு கம்பிய நானே…”

கண்ணாடிக்கு வெளியே யாத்திரைக்கு வந்த ஓர் அம்மாள் மேஜையருகே வந்து ஏதோ கேட்டாள். தேன்மொழி சிரித்த முகத்தோடு எழுந்தாள். வளையங்கள் ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கின. இறங்கினவை நிற்கவில்லை. வீட்டில் அவற்றைத் தாங்கிப் பிடித்த அந்த நகக்கண் மிச்சம், பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஏறி இறங்கியதில் தேய்ந்துபோயிருந்தது. வளையங்கள் கீலைத் தாண்டிக் கணுக்காலை நோக்கிப் போய்விட்டன. மூடுவாரில்லாத கீல் மடங்கியது. தேன்மொழியின் கை முழங்காலுக்குப் போய், வளையம் இருக்க வேண்டிய இடத்தில் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. துழாவிக்கொண்டே லாட்ஜ் வாசற்படியின்மேல் சாய்ந்தாள்.

அவள் அலறியது வெங்கடசாமிக்குக் கேட்கவில்லை. வாய் திறந்ததுதான் தெரிந்தது. கதவைத் தள்ளினான், தள்ளினான். அது உள்ளே இழுக்க வேண்டிய கதவு என்று அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. ரிசீவர் தொங்கிக்கொண்டு, “மாமா? மாமா? கம்பிக்கு இன்னா ஆச்சு மாமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

தொடை எலும்பு இடுப்புக்குக் கிட்டே முறிந்திருந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, எடை கட்டித் தொங்கவிட்டார்கள். பலமில்லாத காலின் எலும்பு அவ்வளவு சீக்கிரம் சேராது என்று டாக்டர் சொன்னார். கோவர்த்தனன் சாத்துக்குடியோடு பார்க்க வந்தார்.

“நீ மெல்ல வாம்மா. அதுவரைக்கும் எந்தம்பி பொஞ்சாதி பூத்துல உக்காந்துக்கும்” என்றார்.

மெல்ல என்றால் எந்த மாசம், அந்தத் தம்பி மனைவி பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருப்பாளா என்றெல்லாம் கேட்க வெங்கடசாமிக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பான்? தேன்மொழி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரத்னம்மா ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சாத்துக்குடியை உரித்துக்கொண்டே இருந்தாள், யாரும் தின்னவில்லை.

கட்டிலடியில் கிடந்த கம்பியைப் பார்க்கப் பட்டறையிலிருந்து ஆளை அனுப்பியிருந்தார்கள். செங்கல்வராயன் என்று பெயர். திருத்தணிப் பக்கத்து ஆள், அந்தக் கம்பியைச் செய்தவரே அவர்தான். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீலுக்குக் கீழே கட்டைவிரலால் தடவினார். மறுபடி தடவினார். முகம் சிவந்துவிட்டது.

“இங்க ரெண்டு எடத்துல வெல்டு வெச்சிருந்தேன். வளையம் அதுக்குக் கீழ எறங்கக்கூடாதுன்னுதான் வெச்சது. அதுமேலதான்டா இந்தப் பொண்ணே நின்னுக்கினு இருந்துச்சு! யாரு இத்த வழிச்சது?”

வெங்கடசாமி வாயைத் திறந்தான். கடைசியில் ஒரு தடவையாவது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தான்.

“சித்தூர்ல ஒரு வெல்டிங் கடைக்காரன் சார்” என்றாள் தேன்மொழி, சுவரைப் பார்த்தபடியே. “எங்க நைனா காலுக்குன்னு தெளிவா சொல்லித்தான் குடுத்துச்சு. கூட்டத்துல வெக்கப்படாம சொல்லுச்சு. அவன்தான் கேட்டுக்கு வெக்கிற கல்ல வெச்சுத் தேச்சுட்டான்.”

“காலுன்னு சொல்லியுமா?” செங்கல்வராயன் கம்பியைக் கட்டில்மேல் போட்டார். “காலுன்னு சொல்லியும் கேட்டுக்கல்ல வெச்சானா? இன்னா மனுசன் அவன்? அவனுக்குப் பொண்ணு புள்ள யாரும் இல்லியா?”

வெங்கடசாமியைப் பார்த்துத்தான் கேட்டார்.

“கீது சார். ஒரே பொண்ணு” என்றான் வெங்கடசாமி.